சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்: ஒரு சாக்கு மரக்கட்டை

முதல் நாள்

"ஒரே ஒரு விளையாட்டுச் சாமான்தான்" என்று பையனிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அவனும் சொல்பேச்சுக் கேட்டான். ஒரே ஒரு பெட்டியைத்தான் எடுத்து வந்தான். உள்ளே நாற்பது மரக்கட்டை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. இப்போது விடுமுறை. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் போனில், "நான் செத்தாதான் வருவியா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் என்ன சாக்குச் சொல்வது? மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போகிற ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆற்றுக்கு மின்சார ரயிலில் போகிறோம். முன் இருக்கைக்குப் பின்னால் இருந்த மடக்குப் பலகையை இறக்கி வைத்ததும் பையன் கடையை விரித்துவிட்டான். ஐந்து கட்டை அடுக்கினால் ரயில் ஒரு வளைவில் திரும்பும், கட்டை உருளும், பக்கத்து வரிசைச் சீனப் பாட்டி பொறுக்கித் தருவார். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் அவர்கள் இருவருக்கும் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பிறகு பாட்டி வேண்டுமென்றே ஒன்றைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

ஈப்போ தாண்டியதும் சன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள். அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, செம்பனை, செம்பனை. நான் சின்னப் பிள்ளையாக வந்தபோது அந்த இடமெல்லாம் கித்தாக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம்.

பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பதினான்கு வயதில் மரம் வெட்டத் தொடங்கி ஐம்பத்தைந்தில் கத்தியைக் கீழே வைத்தவர். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பாலுக்காகப் பட்டையைச் சீவுவது. இப்போது மகனோடு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் கிடந்த ஒரு கட்டையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். நகத்தால் கீறினார். மோந்து பார்த்தார்.

"இது கித்தாப் பலகையாச்சே!"

பெட்டியைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். தாய்லாந்தின் திராங் மாநிலத்தில் 1981இல் தொடங்கிய பிளான் டாய்ஸ் நிறுவனம் செய்தது. பால் நின்றுபோன ரப்பர் மரங்களைத்தான் விளையாட்டுச் சாமான் செய்ய எடுத்துக்கொள்கிறார்கள்.

"எத்தன வெள்ளி?"

"எம்பது, பெரியம்மா." பொய். நூறு ரிங்கிட்டைத் தாண்டும்.

"எம்பது வெள்ளியா! இந்தக் கட்டைய நான் எத்தன வண்டி அடுப்புல எரிச்சிருப்பேன் தெரியுமா?"

அதன்பின் அவர் அந்தக் கட்டையைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நாடகம் பார்த்தார்.

இரண்டாம் நாள்

காலையில் ரொட்டி சானாய், தே தாரிக். பசியாறிவிட்டு அண்ணனின் வண்டியில் பெரியம்மா வேலை செய்த தோட்டத்துக்குப் போனோம். அண்ணன் என்றால் பெரியம்மாவின் மூத்த மகன். லோரி ஓட்டுகிறார். பெரும்பாலும் மரக்கட்டை லோடுதான்.

தோட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. கோயில் இருக்கிறது, புதுச் சாயம் அடித்து. சுற்றிச் செம்பனை. கோயிலுக்குப் பின்னால் செடி முளைத்த ஒரு சிமெண்டுத் தரையைப் பெரியம்மா கண்டுபிடித்தார். "இதுதான் ஆயாக்கொட்டகை."

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் அம்மாக்கள் பிள்ளையைத் தூக்கத்தோடு கொண்டுவந்து விட்டுப் போகும் இடம். விடிகாலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால்தான் அந்த இருட்டு வேலை. ஐந்நூறு மரம் போல வெட்டி, பிறகு அதே நிரையில் திரும்ப நடந்து, மங்குக் கிண்ணத்தில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து, வீடு வரும்போது பொழுது உச்சிக்கு வந்திருக்கும். அதுவரைக்கும் பிள்ளைகள் இந்தத் தரையில்.

"விளையாட என்ன வச்சிருந்தாங்க?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"என்ன வைப்பாங்க? கொட்டதான்."

ரப்பர் கொட்டை. காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைத் தூரத் தெறிக்கவிடும். பளபளவென்று, காடை முட்டை மாதிரி புள்ளியோடு இருக்கும். சிமெண்டில் நன்றாகத் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைத்தால் சூடு சுரீரென்று ஏறும். அதற்கு என் அம்மாவிடம் அடி வாங்கிய கதைகள் எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது பெரியம்மா அடுத்துச் சொன்னது. ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் விறகு குவித்திருப்பார்களாம். எல்லாம் பழைய கித்தா மரத்தைத் துண்டு போட்டது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அதில் சிறுசாகப் பார்த்து உருவிக்கொண்டு வந்து, இதே தரையில் வீடு கட்டுவார்கள். தோட்டக் குமாஸ்தாவான கிராணி வந்து சத்தம் போட்டால் கலைத்துவிட்டு ஓடுவார்கள். "உங்கம்மா துரை பங்களா கட்டுவா. தூண் வச்சு, படி வச்சு."

என் அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. விறகைத் திருடிய கதை என்பதால் இருக்கலாம்.

திரும்பும் வழியில் சிறுதோட்டம் ஒன்றில் பழைய கித்தா மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வண்டியை நிறுத்தினார், அவர் தொழில் ஆச்சே. மரம் இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுக்கும். அப்புறம் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட வேண்டும், இல்லாவிட்டால் செம்பனைக்கு மாற வேண்டும். முன்பு சாய்த்தது எல்லாம் விறகு. ஏன் பலகைக்கு எடுக்கவில்லை என்று கேட்டால், "இனிப்பு" என்றார்.

இந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். சாய்த்த உடனே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும். பின்னால் வண்டு வந்து உள்ளே குடைந்து மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் பலகை, தட்டினால் தூள். அதனால் அறுத்த கையோடு அழுத்தத்தில் போரான் மருந்தை உள்ளே ஏற்றி, உலையில் வைத்துக் காய வைக்கிறார்கள். கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம் போன்ற இடங்களில் இந்த முறை பக்குவப்பட்ட பிறகுதான், 1980களில் கித்தா மரம் மேசை நாற்காலியாகக் கப்பல் ஏறியது. இன்று ஜொகூரின் மூவார் பக்கம் தளவாடத் தொழிலே இதை நம்பித்தான். "வெட்டி ரெண்டு நாளு லோரியில கெடந்துச்சுனா மில்லுல மூஞ்ச சுளிப்பானுங்க," என்றார் அண்ணன். "அதான் நான் ராத்திரியெல்லாம் ஓட்டுறேன்."

சாயங்காலம் வீட்டில் ஒரு சின்னச் சம்பவம். பெரியம்மா பழைய பால் வாளி ஒன்றைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறார். பையன் தன் கட்டைகளை எல்லாம் அதில் போட்டான். தூக்க முடியாமல் தூக்கி வாசலுக்குப் போனான். கொட்டினான். திரும்பப் போட்டான். கூடத்துக்குக் கொண்டு வந்தான். கொட்டினான். ஒரு மணி நேரம் இதே வேலை. ஒரு கட்டையைக்கூட அடுக்கவில்லை.

நியூயார்க்கில் ஹாரியட் ஜான்சன் என்ற ஆசிரியை குழந்தைகள் கட்டையோடு விளையாடுவதைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து கவனித்து, 1933இல் அதை ஏழு படிகளாக எழுதினார். முதல் படி கட்டுவதே இல்லை, சும்மா சுமந்துகொண்டு திரிவது. பிறகு வரிசையாக வைப்பதும் மேலே அடுக்குவதும். மூன்றாவது பாலம், அதாவது இரண்டு கட்டையைத் தள்ளி வைத்து மேலே ஒன்றைப் படுக்க வைப்பது. அப்புறம் சுற்றி அடைப்பது, இடமும் வலமும் ஒத்து அலங்கரிப்பது, கட்டியதற்குப் பெயர் வைப்பது. கடைசியில் கண்ணால் பார்த்த கட்டடத்தையே கட்டிப் பார்ப்பது. பெற்றோர் பலர் முதல் படியைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இதில் ஆர்வமில்லை" என்று பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். என் வகுப்பில் வருடத்துக்கு நாலு பேராவது இதைச் சொல்வார்கள்.

பெரியம்மாவுக்கு ஜான்சன் தேவைப்படவில்லை. கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "பால் தூக்குறான்டி இவன்" என்றார்.

மூன்றாம் நாள்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. என் மானம் கொஞ்சம் போன நாளும்கூட.

என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். நல்ல மரக்கட்டை வாங்கித் தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் நிர்வாகம் வாங்கித் தருவது எழுத்துப் படம் ஒட்டிய பிளாஸ்டிக் சாமான், பேட்டரியோடு. நேற்று அண்ணனிடம் புலம்பியபோது, "நம்ம பட்டறையில மிச்சத் துண்டு மலையாக் கெடக்கு, வா" என்றார்.

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. கறி வெட்டும் பலகை, தட்டு, ரொட்டி உருட்டும் கட்டை எல்லாம் கித்தா மரத்தில் செய்கிறார்கள். நான் உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றி. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் அல்லவா. பட்டறைக்கார அண்ணன் (நம் லோரி அண்ணன் இல்லை) சிரித்தார். "சாப்பாட்டுப் பலகைக்கு மருந்து ஏத்துன மரம் எடுக்க மாட்டோம் தங்கச்சி. வெட்டுன ஒடனே அறுத்து நேரா உலைக்குப் போறது தனி." மூலையில் அந்தத் துண்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. வெளிர் மஞ்சள், லேசாக ரோஜா நிறம் ஓடியது. பலகைகள் நீளமாக வருவதில்லை, ஏனென்றால் பால் வெட்டிய பகுதியில் தழும்பும் முண்டும் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, குட்டைத் துண்டுகளைப் பல்லாக வெட்டி, இரண்டு கை விரலைக் கோத்தது போல ஒட்டி நீளமாக்குகிறார்கள். எனக்கு ஒட்டில்லாத துண்டாக வேண்டும் என்றேன். தேடித் தந்தார்.

அளவு என்னிடம் தயாராக இருந்தது. கரோலின் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியையின் அளவு. சுவீடனுக்குப் போய் மரவேலைப் பயிற்சி எடுத்தவர். 1914இல் நியூயார்க்கில் தொடங்கிய பள்ளிக்காக அவர் வடிவமைத்த கட்டை 5½ அங்குல நீளம், 2¾ அங்குல அகலம், 1⅜ அங்குலக் கனம். பார்க்கக் குழப்பமாக இருக்கும், ஆனால் ஒன்றின் பாதி அடுத்தது, அதன் பாதி அதற்கடுத்தது. இரண்டு அரைக்கட்டை ஒரு முழுக்கட்டை. இரண்டு முழுக்கட்டை ஒரு இரட்டைக்கட்டை. பிள்ளை பின்னம் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு நாலு வருடம் முன்பே கை அதைத் தெரிந்துகொள்ளும். பிராட் இதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. அதனால் உலகத்தில் எந்தத் தச்சரும் செய்யலாம். மில்லிமீட்டரில் 140, 70, 35 என்று வைத்துக்கொண்டோம். 35 எனக்கு வேறொரு வகையிலும் நிம்மதி. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான சாமானைச் சோதிக்கும் குழாயின் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். இந்தக் கட்டை அதற்குள் போகாது.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். "முதல்ல எல்லாத்தையும் 140க்கு அறுத்துடுங்கண்ணே. அப்புறம் பதினாறு கட்டைய நடுவுல ரெண்டாப் போடுங்க. நாலு கட்டைய நாலாப் போடுங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படியே செய்யவா?" என்று கேட்டார். அப்படியே செய்யச் சொன்னேன்.

முடிந்ததும் ஆசையாக இரண்டு அரைக்கட்டையை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். பக்கத்தில் ஒரு முழுக்கட்டை. மேலே பாலம் போட்டேன். பாலம் சாய்ந்தது. நாலு கால்கட்டையை அடுக்கினேன். முழுக்கட்டைக்குக் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் குட்டை.

ரம்பத்துக்கும் வாய் இருக்கிறது. ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் அது மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாகத் தின்கிறது. 140ஐ நடுவில் அறுத்தால் கிடைப்பது 70 இல்லை, அறுபத்தெட்டரை. நாலாக்க மூன்று முறை அறுக்க வேண்டும், ஒன்பது மில்லிமீட்டர் போச்சு. இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் இதை யோசிக்கவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"டீச்சராச்சேன்னு பாத்தேன்."

பிறகு அவர் வழியில் செய்தார். நீளச் சட்டத்தைக் கனமும் அகலமும் சரியாக இழைத்துக்கொண்டார். ரம்ப மேசையில் பிளேடிலிருந்து சரியாக 70இல் ஒரு முட்டுக்கட்டையைத் திருகி வைத்தார். சட்டத்தை முட்டும்வரை தள்ளு, அறு. திரும்பத் தள்ளு, அறு. ரம்பம் தின்பது இப்போது சட்டத்திலிருந்து போகிறது, துண்டிலிருந்து இல்லை. ஒரு மீட்டர் சட்டத்தில் 14 அரைக்கட்டை வரும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். 13 வந்தது, மிச்சம் ஒரு சின்னத் துண்டு. ஆனால் பதின்மூன்றும் அச்சில் வார்த்தது போல. இரண்டை அடுக்கி முழுக்கட்டையோடு வைத்து விரலால் தடவினேன், விளிம்பே தட்டுப்படவில்லை.

அந்தத் தடவலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். விலை உயர்ந்த பெட்டிக்கு நாம் கொடுக்கும் காசு சாயத்துக்கும் படத்துக்கும் இல்லை, இந்தத் தடவலுக்குத்தான். அளவு பிசகாத வெறும் மரத்துண்டு ஒரு சாக்கு இருந்தால் போதும். அளவு பிசகினால் எத்தனை அழகான மரமும் பிள்ளையை ஏமாற்றும்: அவன் சரியாகத்தான் வைப்பான், கட்டடம் விழும், தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

மிச்சத் துண்டுக்கு இதில் ஒரு குலப்பெருமையும் உண்டு. ஜெங்கா என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே, 54 கட்டையில் கோபுரம் வைத்து உருவும் விளையாட்டு. அது கானாவில் ஒரு மர ஆலையிலிருந்து வாங்கிய கட்டைகளை வைத்து லெஸ்லி ஸ்காட் என்பவரின் குடும்பம் வீட்டில் விளையாடியதில் பிறந்தது. 1983இல் லண்டனில் விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, சுவாஹிலியில் கட்டு என்று பொருள்படும் சொல்லைப் பெயராக வைத்தார். லெகோவும் மரத்தில் தொடங்கியதுதான். டென்மார்க் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் 1932இல், வேலை கிடைக்காத பஞ்ச காலத்தில், மர விளையாட்டுச் சாமான் செய்ய ஆரம்பித்தார். 1960இல் மரச்சாமான் கிடங்கு எரிந்த பிறகுதான் அந்தக் கம்பெனி மரத்தை விட்டது. பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நானும் ஆரம்பிக்கலாம்ங்குறே?" என்றார். காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் கெஞ்சி ஐம்பது வெள்ளியைத் திணித்தேன்.

மொத்தம் ஒரு சாக்கு. என் கெட்டிக்காரத்தனத்தில் பிறந்த குட்டைக்கட்டைகள் தனிப் பையில்.

நான்காம் நாள்

காலையில் கோலா கங்சார். இருபது கிலோமீட்டர் சொச்சம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு கிழட்டுக் கித்தா மரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதையை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். முளைத்த கன்றுகளில் 22 மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலா கங்சாருக்கு வந்தன. மிஞ்சியது இது.

பெரியம்மா வேலிக்கு வெளியே நின்று தொழில் கண்ணோடு மேலும் கீழும் பார்த்தார். அந்தக் காலத்தில் எப்படி வெட்டியிருப்பார்கள் என்று பட்டையைத் தேடினார். "மோசமா வெட்டியிருக்கானுங்க. காயம் ஆறவே இல்ல பாரு."

எனக்கு 1876 வேறொரு காரணத்துக்காக நினைவில் நிற்கும் வருடம். அதே ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஒரு அம்மா தன் ஒன்பது வயது மகனுக்காக ஒரு மரக்கட்டை விளையாட்டைப் பார்த்தார். பிறகு வாங்கியும் கொடுத்தார். மகன் பிராங்க் லாயிட் ரைட், பிற்காலத்துக் கட்டடக் கலைஞர். வயதான பிறகும் அந்தக் கட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் ஜான் பின்னாளில் மரக்குச்சிகளைக் கோத்து வீடு கட்டும் லிங்கன் லாக்ஸைக் கண்டுபிடித்தார். மூன்று தலைமுறைக்கு ஒரு கட்டை.

அந்தக் கட்டைகள் பிரெடரிக் புரோபெலுடையவை. பாலர் பள்ளியைத் தொடங்கிய ஜெர்மனிக்காரர், முன்பு பெர்லினில் படிகக் கற்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தவர். அந்தப் புத்தி கட்டையிலும் தெரியும். அவர் 'பரிசு' என்று பெயர் வைத்த பெட்டிகளில் மூன்றாவது இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று, பிரித்தால் எட்டு ஒரு அங்குலக் கட்டை. நாலாவதும் அதே அளவுதான், ஆனால் எட்டுச் செங்கல் வடிவம். ஐந்தாவதில் முப்பத்தொன்பது துண்டு, சேர்த்தால் மூன்று அங்குலக் கனசதுரம். பெட்டியை அப்படியே கவிழ்த்து முழுசாக எடுக்க வேண்டும், விளையாடி முடித்ததும் முழுசாகச் சேர்க்க வேண்டும். என் வகுப்பில் இந்தக் கடைசி விதி நடக்கும் என்று நான் நம்பவில்லை. 1851இல் பிரஷ்ய அரசாங்கம் இவருடைய பள்ளிகளைத் தடையே செய்தது, ஒன்பது வருடத்துக்கு.

காரில் இதைப் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். "அவருதான் பாலர் பள்ளிக்கு 1840ல பேரு வச்சாரு பெரியம்மா. அவுங்க மொழியில பிள்ளைங்க தோட்டம்னு அர்த்தம்."

"பிள்ளைங்க தோட்டமா? அதுக்கு யாரு துரை?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

மத்தியானம் முழுக்கத் தேய்ப்பு வேலை. முதலில் 120, பிறகு 240 உப்புத்தாள். விளிம்புகளை லேசாக உருட்ட வேண்டும், ரொம்ப உருட்டினால் அடுக்கும்போது நிற்காது. பெரியம்மா என்னைவிட வேகம், என்னைவிடச் சுத்தம். நாற்பது வருடம் பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவிய கை. ஒரு தப்பு மட்டும் செய்தார். நான் காபி போடப் போன நேரத்தில், பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு பங்குக் கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பளபளத்தது. ஆனால் மூன்றுக்கு மேல் அடுக்கினால் வழுக்கியது. பள்ளிக் கட்டைகளுக்குச் சாயமோ மெருகோ போடாமல் வெறும் மரமாக விடுவது இதற்குத்தான், உராய்வு வேண்டும். எண்ணெய்க் கட்டைகள் இப்போது பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கின்றன.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்தாள், ஐந்து வயது. அவள் பாலம் தாண்டி, அடைப்பும் தாண்டியவள். அரை மணியில் ஒரு கோயில் எழுந்தது, மதில், வாசல், உள்ளே ஒரு முக்கோணம் சாமி. பையன் வந்தான், பார்த்தான், காலால் ஒரு தட்டு.

ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று வரும். சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் கலைக்க வரும் பிள்ளையிடம், "கலைக்காதே" என்று கெஞ்சும் பாட்டுகள். அந்தச் சிறுமிகள் பாட்டாகக் கெஞ்சினார்கள். இவள் என் மகன் முதுகில் ஒன்று வைத்தாள். நியாயம்தான். அழுது முடித்தவன் அவளுக்குக் கட்டை எடுத்துக் கொடுக்கும் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தான்.

ஐந்தாம் நாள்

சாக்கு பதினாறு கிலோ. ரயில் நிலையத்தில் அண்ணன் தூக்கி வைத்தார். கே.எல். சென்ட்ரலில் வீட்டுக்காரர் வருவார், அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

குட்டைக்கட்டைப் பையை எடுத்துவர எனக்கு மனமில்லை. வகுப்பில் போனால் சரியான கட்டைகளோடு கலந்துவிடும், அப்புறம் யாருடைய கோபுரமும் நிற்காது. "வெந்நீர் அடுப்புக்காவது ஆகட்டும்" என்று பெரியம்மாவிடம் விட்டு வந்தேன். எழுபத்திரண்டு வயதில் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

ரயிலில் பையன் இரண்டு அரைக்கட்டையை நிமிர்த்தித் தள்ளி வைத்து, மேலே ஒரு முழுக்கட்டையைப் படுக்க வைத்தான். முதல் பாலம். வளைவில் விழுந்தது. திரும்ப வைத்தான். நான் போட்டோ எடுக்கவில்லை, எடுக்கப் போனால் நிறுத்திவிடுவான்.

ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஒரே கூச்சல்.

"என்ன சத்தம் பெரியம்மா?"

"அடுத்த வூட்டுப் புள்ள மூணு பேரக் கூட்டிக்கிட்டு வந்துருக்கா. வாசல் பூரா கட்ட. கால் வைக்க எடமில்ல."

"அதெல்லாம் அளவு தப்பு பெரியம்மா. நிக்காது."

"எல்லாம் ஒரே ஒசரமாத்தானடி இருக்கு?"

அறுபத்தெட்டரை, அறுபத்தெட்டரை, அறுபத்தெட்டரை. முழுக்கட்டைகளைத்தான் நான் எடுத்து வந்துவிட்டேனே.

"ஆமா பெரியம்மா," என்றேன்.